விலை கூடவோ?

ஒரு பொருளின் விலை கூடவோ குறைவோ என்று கேட்பது எளிது. விடை சொல்வது அரிது. புதிய பொருளாயின் அதன்மேல் கடைக்காரர் ஒட்டிய சீட்டு இருக்கும். அடுத்த கடையிலும் ஒரு சீட்டு இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். பழைய பொருளுக்கோ அத்தகைய அளவுகோல் இல்லை. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே நிறத்தில் பிறந்த இரண்டு மோட்டார்க் கார்கள் ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒரே காராக இருப்பதில்லை. ஒன்று கொட்டகையில் உறங்கி, காலந்தோறும் எண்ணெய் கண்டு, பக்குவமாக வாழ்ந்திருக்கும். மற்றது மழையில் நனைந்து, கறள் பிடித்து, மேலே மட்டும் புதுநிறம் பூசிக்கொண்டு நிற்கும். விலை சொல்பவர் இரண்டுக்கும் ஒரே விலையைச் சொல்லலாம். வாங்குபவருக்கு அவ்விரண்டும் ஒன்றாகா.

நம் நாட்டில் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் மேலும் சிக்கலாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், பல ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று, தான் புதிதாக வாங்கப்பட்ட விலைக்கும் மேலாக விலைபோன விந்தையைக் கண்டோம். கேட்பதுதான் விலை என்னும் மனப்பான்மை நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆதலால், விலையை ஆய்ந்து பார்க்கும் பழக்கத்தை நாம் மீண்டும் கற்றுக்கொள்ளவேண்டிய நிலையில் இருக்கிறோம். அதற்கு உதவக்கூடும் என்று கருதி, சென்ற கோடைக் காலத்தில் இங்கிலாந்தில் நான் கலந்துகொண்ட ஒரு விலைப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

இலண்டனில் வாழும் என் தங்கையின் மகனுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மீது ஆசை. அவன் விரும்பியது எம்.ஜி.பி. என்னும் திறந்த கார். இருவர் மட்டும் அமரக்கூடியது. கன்வஸ் கூரையை மடித்துப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எம்.ஜி. என்ற பெயர் ஒக்ஸ்போட் நகரில் இருந்த மொறிஸ் கராஜஸ் என்னும் நிலையத்தின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. எம்.ஜி.பி. கார்கள் 1962 முதல் 1980 வரை, ஒக்ஸ்போட்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் என்ற சிற்றூரில் செய்யப்பட்டன. கூரையுள்ள வகையையும் சேர்த்து 5 இலட்சத்துக்கு மேற்பட்டவை அங்கிருந்து வெளிவந்தன. அவற்றுட் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது.

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. அந்தக் காரின் 1,798 கன சென்ரிமீற்றர் எஞ்சின், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கில் பெற்றோல் அரிதானபோது, சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே, அந்தக் கார்கள்தாம். மருமகனின் தகப்பனார் அப்படி ஒரு மொறிஸ் ஒக்ஸ்போட் காரை ஓட்டித்தான் குடும்பத்தைக் காத்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தக் கார் வீதியோரத்தில் கைவிடப்பட்டது. திரும்பிச் சென்றபோது அது அங்கே இருக்கவில்லை. அப்பொழுது மருமகனுக்கு வயது 9. பழைய எஞ்சின் ஒன்றின் ஓசை கேட்டால் அவன் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆசை இவ்வாறிருக்க, பணத்தின் நிலை வேறு. வீட்டுக் கடன் தீராத குடும்பம். படிக்கும் பிள்ளைகள் இருவர். மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையிலிருந்து 10,000 ஸ்ரேர்லிங் பவுணுக்கு மேல் ஒரு பவுணும் எடுப்பதில்லை என்று அவன் மனைவி எல்லை விதித்திருந்தாள். "மாமா, அவருக்கு இந்த விஷயத்தில் கண் தெரியாது. நீங்கள் கூடப்போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று என்னிடம் பொறுப்பையும் ஒப்படைத்தாள். இளமையில் பெரியப்பாவின் கராஜில் சாவி எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதியில்லை. ஆயினும் இந்த எஞ்சினை நான் அறிவேன்.

முதலில் நாங்கள் பார்த்தது, இலண்டனின் புறநகரில் ஒரு வியாபாரியிடம் நின்ற கார். 1971ஆம் ஆண்டுக் கார்; சிவப்பு நிறம்; கண்ணாடிபோல் பளபளத்தது. விலை 7,500 பவுண். எல்லைக்கு 2,500 பவுண் குறைவு என்பதால் மருமகனின் மனம் அங்கேயே அமர்ந்துவிட்டது. "மலிவுதானே, மாமா?" என்றான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இவ்வகைக் காரில் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினை அன்று. எஞ்சினைத் திருத்தலாம், மாற்றவும் செய்யலாம். பார்க்கவேண்டியது, கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே பெட்டிபோல் ஓடும் கதவடித் தகட்டை. எம்.ஜி.பி. காருக்குத் தனியான சட்டகம் இல்லை. உடலே அதன் எலும்பு. மேலே கூரையும் இல்லாமையால், காரின் நடுப்பகுதியை வளையாமல் தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு இந்தக் கதவடித் தகடுகளைச் சேர்ந்தது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, இடையில் ஒன்று என்று மூன்று தகடுகள் சேர்ந்த அமைப்பு அது. மழைநீரும் சேறும் புகுந்து தங்குவதும் அங்கேதான். உள்ளே இரண்டும் கறளாகிப் போனபின் வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி நிறம் பூசினால், பார்ப்பவருக்குக் கார் புதியது. ஓட்டுபவருக்கு அது ஆபத்து.

சட்டைப்பையிலிருந்த சிறு காந்தத்தை எடுத்து, துணி சுற்றிக் கதவடியில் வைத்தேன். இரண்டிடங்களில் அது ஒட்டாமல் விழுந்தது. அங்கே இரும்பில்லை, பட்டி தடவி நிரப்பியிருந்தார்கள். பின்னர் வியாபாரியின் அனுமதியோடு ஜக் வைத்து ஒரு பக்கத்தைச் சிறிது உயர்த்தினோம். கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையே இருந்த வெளி கண்முன்னே குறுகியது. கதவைத் திறக்க முயன்றபோது அது இறுகிப் பிடித்தது. கார் நடுவில் வளைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வியாபாரி அசையவில்லை. "நாற்பது ஆண்டு கடந்த காருக்கு வருடாந்தப் பரிசோதனையே தேவையில்லை" என்றார். அவர் சொன்னது சட்டப்படி உண்மை. பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்து, பெருமாற்றம் செய்யப்படாத கார்கள் அந்தப் பரிசோதனையிலிருந்து விலக்குப் பெறுகின்றன. ஆனால் விலக்கு என்பது நற்சான்றிதழ் ஆகுமா? பழைய பரிசோதனைகளின் முடிவுகளை, காரின் இலக்கத்தைக் கொண்டு எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மருமகன் கைப்பேசியில் தேடினான். கடைசிப் பரிசோதனை 2017இல் நடந்திருந்தது. அதிலே கதவடிக் கறள் குறிக்கப்பட்டிருந்தது. அதன்பின் அந்தக் கார் எவரிடமும் தன்னைக் காட்டவில்லை.

தகரவேலையில் தேர்ந்த ஒருவரை விசாரித்தோம். இரு பக்கமும் முறைப்படி வெட்டி மாற்றி நிறம் பூச 5,000 பவுண் அளவில் ஆகும் என்றார். அப்படியானால் அந்தக் காரின் விலை 7,500 அன்று; 12,500. அந்தத் தொகைக்கு அதைவிட நல்ல காரே கிடைக்கும். மலிவு என்று தோன்றியதுதான் விலை கூடியது. மருமகன் திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தான்.

இங்கே சந்தை விலையை அறியும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விளம்பரத்தில் காணும் விலை, விற்பவரின் விருப்பம். அதை விலையென்று கொள்ளலாகாது. ஏலங்களில் உண்மையாகக் கைமாறிய தொகைகள் வெளியிடப்படுகின்றன, அவையே சான்று. திறந்த கார்களுக்குப் பருவமும் உண்டு: வெயில் தொடங்கும் வசந்தத்தில் கேட்பவர் பலர், நவம்பர்க் குளிரில் சிலர். வகைக்கும் வேறுபாடு உண்டு. 1974இல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகப் பளபளக்கும் குரோமியப் பம்பரை நீக்கிக் கரிய ரப்பர்ப் பம்பர் வைத்தார்கள். காரின் உயரத்தையும் ஓர் அங்குலம் அளவில் கூட்டினார்கள். அந்தப் பிற்காலக் கார்கள் பொதுவாகக் குறைந்த விலைக்கே போகின்றன. "இது அபூர்வமான கார்" என்று எவரேனும் சொன்னால் சிரித்துவிடலாம். 5 இலட்சத்துக்கு மேல் செய்த பொருளில் அபூர்வம் ஏது? உதிரிப்பாகங்களும் ஏறத்தாழ எல்லாமே கிடைக்கின்றன. பழைய அச்சுகளைக் கொண்டு முழு உடலையே 1988 முதல் புதிதாக அடித்து விற்கிறார்கள். ஆகவே இக்காரின் விலையைத் தீர்மானிப்பது அதன் இன்றைய உடல்நிலையே.

இரண்டாவது கார் அபிங்டனுக்கு அணித்தான ஒரு கிராமத்தில் இருந்தது. விற்பவர் எழுபது வயது கடந்த ஓர் ஆங்கில அம்மையார். கணவர் இறந்து இரண்டு ஆண்டாகிறது. 1972ஆம் ஆண்டுக் கார். பச்சை நிறம் மங்கி, மூடியின்மேல் வெடிப்பும் கண்டிருந்தது. விலை 11,000 பவுண். "மாமா, இதுக்கு இந்த விலை கூடத்தானே?" என்று மருமகன் தமிழில் கேட்டான். சிவப்புக் காரின் பளபளப்பு அவன் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

நான் காந்தத்தை வைத்தேன்; வைத்த இடமெல்லாம் பற்றிக்கொண்டது. ஜக் வைத்து உயர்த்தினோம். கதவு இலகுவாகத் திறந்து மூடியது. அம்மையார் ஒரு பெட்டி நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து வைத்தார். பரிசோதனை தேவையில்லாதபோதும் கணவர் ஆண்டுதோறும் காரைப் பரிசோதனைக்கு விட்டிருந்தார். எஞ்சினின் தலையைக் கழற்றி வால்வுகள் அமரும் இடத்தில் கடினமான வளையங்கள் பொருத்திய பற்றுச்சீட்டும் இருந்தது. அந்நாட்டில் ஈயம் கலந்த பெற்றோலின் பொதுவிற்பனை 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதன்பின் இப்பழைய எஞ்சின்களுக்கு அந்த வளையங்கள் வேண்டும். கேடன் என்ற ஊரிலுள்ள மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து வழங்கும் சான்றிதழும் இருந்தது. அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் நிறமும் காரோடு ஒத்திருந்தன. எல்லாவற்றிலும் மேலாக ஒரு பழைய உறையில் புகைப்படங்கள் இருந்தன: கதவடித் தகடுகள் மூன்றையும் வெட்டியெடுத்து, புதியவற்றைப் பற்றவைத்த வேலையின் ஒவ்வொரு படியும். அம்மையார் அந்த உறையைப் பெறுமதியான ஒன்றாகக் கருதவில்லை. "அவர் எதையாவது படம் எடுத்துக்கொண்டே இருப்பார்" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்.

குறைகளும் இருந்தன. முன்சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். கிங்பின் தேய்ந்து ஆடியது. கன்வஸ் கூரை கிழிந்திருந்தது. ரயர்களின் பள்ளம் ஆழமாகவே இருந்தது. ஆனால் பக்கத்தில் பொறித்த நான்கிலக்க எண் 2312 என்று காட்டியது. அதாவது 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தவை. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமையடையும். இரு காபரேற்றர்களின் அச்சுகளும் தேய்ந்திருந்தன. ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் நன்கு சூடானபின்னும், ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலில் நின்றது. அது நல்ல எஞ்சின்.

அன்றிரவு வீட்டில் கணக்குப் பார்த்தோம். குறையொன்றும் இல்லாத இவ்வகைக் கார்கள் அந்த ஆண்டில் 11,500 பவுண் அளவில் கைமாறியிருந்தன. கிங்பின், ரயர், காபரேற்றர், கூரை நான்குக்கும் 2,000 பவுண் ஆகும். எஞ்சுவது 9,500. ஆக, அம்மையார் கேட்ட விலை 1,500 பவுண் கூடத்தான்.

மருமகன் வேறொரு கணக்கு வைத்திருந்தான். "அந்தப் படங்களின் மதிப்பு அவவுக்குத் தெரியாது, மாமா. நிறம் மங்கியதையும் கூரை கிழிந்ததையும் சொல்லி 8,000க்குக் கேட்டுப் பார்ப்போம்" என்றான். அவன் தீயவன் அல்லன். கடன் உள்ள குடும்பத்துக்கு 1,500 பவுண் பெரிய தொகை. நான் பதில் சொல்லுமுன் அவன் மனைவி குறுக்கிட்டாள். "நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்து, நான் அந்தக் காரை விற்கவேண்டி வந்தால், வாங்க வருகிறவர் என்னிடம் எப்படிக் கதைக்கவேணும்?" என்று கேட்டாள். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடிட்டேன். ஒரு பக்கத்தில் விலையைத் தாங்கும் நிறைகள்; மறுபக்கத்தில் விலையைக் குறைக்கும் குறைகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவோடு. புகைப்படங்களை நிறைகளின் தலையில் எழுதினேன். கீழே 9,500 என்று குறித்தோம்.

மறுநாள் அம்மையார் அந்தத் தாளை இருமுறை படித்தார். "இதற்காக என் கணவர் 20,000க்கு மேல் செலவழித்தார். அந்தக் கணக்கும் இந்தப் பெட்டியில் இருக்கிறது" என்றார். அது கோபமன்று, துயரம். பழைய காரில் இட்ட பணம் திரும்பி வருவதில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? "அம்மா, அவர் அந்தக் காலமெல்லாம் மகிழ்ச்சியாக ஓட்டினார் அல்லவா? அந்தச் செலவு அதற்கானது" என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் படங்களை ஏன் முதலில் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். காரின் உயிர் அந்தத் தகடுகளில் இருப்பதையும், வேலை நேர்மையாக நடந்ததற்கு அப்படங்கள் சாட்சி என்பதையும் கேட்டபோது அவர் முகம் தெளிந்தது. "மூன்று மாரிக்காலம் இந்தக் கொட்டகையில் குளிரில் கிடந்தார். பைத்தியம் என்று திட்டியிருக்கிறேன்" என்றார்.

பிறகு தாளின் மறுபக்கத்தில் விரலை வைத்தார். "கூரை என்று எழுதியிருக்கிறீர்களே! புதுக்கூரை ஒன்று வாங்கி மேல்மாடத்தில் வைத்தாரே. பொருத்தத்தான் நாள் கிடைக்கவில்லை." மருமகன் ஏறிச் சென்று இறக்கினான். உறை பிரிக்கப்படாத புதிய கன்வஸ் கூரை. குறைப் பக்கத்தில் 500 பவுணை வெட்டினேன். விலை 10,000 ஆயிற்று. விற்றவரும் வாங்கியவரும் அதையே நேர்மையான விலையென ஏற்றனர். மருமகனின் மனைவி விதித்த எல்லையும் சரியாக அதுவே. ரயருக்கும் கிங்பின்னுக்கும் அவன் இன்னும் சில மாதம் சேர்க்கவேண்டும். அதுவரை கார் ஓடாது நிற்கும் என்பது அவள் இட்ட புது விதி.

படிக்கும் இளைஞர் இதிலிருந்து ஒரு முறையை எடுத்துக்கொள்ளலாம். குறையற்ற அதே பொருள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று முதலில் அறிக. உங்கள் முன் நிற்பதை அந்த நிலைக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்று, அந்த வேலை தெரிந்தவரைக் கேட்டு எழுதுக. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க. வரும் தொகையைவிடக் கேட்கும் தொகை மிகுந்தால் விலை கூட. அந்தக் கணக்கைக் காட்டிப் பேசலாம். விற்பவர் முன்பு செலவழித்ததையும், அவருடைய நினைவுகளையும், உங்கள் ஆசையையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டாம். ஆசைக்காகக் கூடுதலாகக் கொடுக்க ஒருவர் விரும்பினால் கொடுக்கட்டும்; ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

யாழ்ப்பாணத்து முற்றங்களிலும் கொழும்பின் கொட்டகைகளிலும் பழைய ஒஸ்ரினும் மொறிஸும் இன்னும் நிற்கின்றன. திருமண ஊர்வலத்துக்கென்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் ஆசைக்கென்றும் அவற்றை விலைகேட்டு வருகிறார்கள். பல வீடுகளில் அதை விற்கப் போகிறவர், காரைப் பற்றி அறியாத ஒரு தாயாராக இருப்பார். விலை கேட்டு அந்த வாசலில் நிற்பவர், குறைகளை எழுதும் தாளில் நிறைகளுக்கும் ஒரு பக்கம் விடுவாராக.